முந்நூறு கிராம் மழை

சாந்தியாகோ ஆஸ்பத்திரியில்
அப்பா இறந்த இரவு
முதன்முதலாக என்னை அழைத்தான் எலியோதோரோ,
அவருடைய இன்னொரு வீட்டின் மகன்.
ஒரே நாடு. இருவருக்கும் மேற்கே ஒரே கடல்.
நடுவில் மூவாயிரம் கிலோமீட்டர்.

எங்கே புதைப்பது என்பதுதான் பேச்சு.
அதற்கு முன்பு,
முன்பின் தெரியாதவர்கள் பேசிக்கொள்வதுபோல,
வானிலை.

"இங்கே மழை" என்றான்.
எப்போதிலிருந்து என்றேன்.
"பிறந்ததிலிருந்து."

போர்த்தோ ஏதனில் தெருவே இல்லையாம்.
சதுப்பின்மேல் பலகை அடித்திருக்கிறார்கள், அதில்தான் நடை.
ஒரு சட்டை காய அடுப்போரம் மூன்று நாள்.
சிப்பியைப் புகைபோட்டால்தான் நிற்கும்.
தீப்பெட்டியைப் பிள்ளைபோல் துணியில் சுற்றி
நெஞ்சோடு வைத்துக்கொள்வார்களாம்.
தூறல், சாரல், அடைமழை, ஆலங்கட்டி,
எல்லாம் ஒரே மத்தியானத்தில்.

என் முறை.
கியாகுவாவில் மருந்துக்கும் மழை கிடையாது.
மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவள் நான்;
வந்திருந்தால்தானே ஒதுங்க.
அங்கே ஒரு மழைமானி உண்டு.
அதற்குள் சிலந்தி குடும்பம் நடத்துகிறது.
லோவா ஆற்றோரம் ஒரு கை அகலம் பச்சை,
அதைத் தாண்டினால் உப்பு, கல், மறுபடி உப்பு.
குடிதண்ணீர் லாரி ஓட்டுகிறேன்.
வீட்டுக்கு இருநூறு லிட்டர்.
சிந்தினால் சண்டை.

உன் பக்கத்துக் குளிர்நீர்தான், என்றேன்,
கரையோரமாக வடக்கே ஏறி வந்து
எங்கள் கடலை விறைக்க வைக்கிறது.
மேகம் எழும்பாது. வெறும் மூடுபனி,
மலை முகட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும்.
குளிரை மட்டும் அனுப்பிவிட்டு
மற்றதை நீங்களே வைத்துக்கொண்டீர்கள்.

மறுமுனையில் சத்தமே இல்லை.
மழையைச் சொன்னேன், என்றேன்.

பிறகு மண்ணுக்கு வந்தோம்.
அவன் ஊரில் முழங்கை ஆழம் தோண்டினால்
தேநீர் நிறத்தில் தண்ணீர் ஊறும்.
மரச்சிலுவைக்கு ஆயுள் ஆறேழு வருடம்.
அவன் அம்மா பெயரின் கடைசி மூன்று எழுத்தைப்
பாசி தின்றுவிட்டது.
அப்பாவின் போட்டோ இருந்ததாம் ஒன்று,
பூஞ்சணம் பூத்து, தொப்பி மட்டும் மிச்சம்.
"அங்கேயே வையுங்கள்" என்றான்.
"உங்கள் மண்ணில் மனிதர்
அப்படியே இருப்பாராமே."

இருப்பார்.
அதுதான் சிக்கல்.
வெடியுப்புக் காலத்துக் கல்லறைகளில்
தகரப்பூவின் சிவப்பு இன்னும் சிவப்பு.
எனக்கு ஏழு வயதில்
அவருடைய லாரி தெற்கே திரும்பிய தடம்
இன்றும் பாலையில் கிடக்கிறது,
டயரின் வெட்டு உட்பட.
வாரத்துக்கு இரண்டு தரம் அதைக் கடக்கிறேன்.
ஒருமுறைகூட அதன்மேல் ஏற்றியதில்லை.

"நீயே கொண்டுபோ" என்றேன்.
"கொஞ்சம் கரையட்டும்."

ஐந்து வாரம் கழித்து ஒரு பார்சல்.
அவருடைய கம்பளிக் கோட்டு,
இரண்டு பிளாஸ்டிக் பைக்குள், இன்னும் ஈரமாக.
புகை, சிப்பி, மக்கிய மரம் கலந்த வாடை.
என்ன தோன்றியதோ,
வெங்காயத் தராசில் போட்டேன்.
இரண்டு கிலோ நூறு.

கம்பியில் தொங்கவிட்டதும்
விளிம்பிலிருந்து மூன்று சொட்டு.
நிழலில் கிடந்த நாய் எழுந்து வந்து
அந்த ஈர வட்டத்தை முகர்ந்தது,
ஐயத்தோடு காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

ஒரு மணி நேரம் போனது. மறுபடி தராசு.
முந்நூறு கிராம் குறைவு.
இந்த வருடக் கணக்கில் எழுதிவிடவா என்று
வேலிக்கு அப்பாலிருந்து கேட்டார்
மழைமானி பார்க்கும் வாத்தியார் ஒக்தாவியோ.
நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

உள்பையில் ஒரு தீப்பெட்டி,
துணியில் சுற்றியபடி.
அன்று உரசினேன், மருந்துதான் உதிர்ந்தது.
ஜன்னலில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

விடிகாலை, லாரி எடுக்குமுன்,
காப்பி போட எடுத்தேன்.
முதல் உரசலிலேயே பற்றிக்கொண்டது.