நகத்தில் ஏறிய வெள்ளி

உப்பளம் கல்லறையில்
நித்யகல்யாணிக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை.
சிலுவைக்கும் சிமெண்டுக்கும் நடுவே
விரற்கடை மண் இருந்தால் போதும் அதற்கு.
ஞானப்பிரகாசம் அங்கிருந்துதான் பறித்து வருவார்,
இரவுக் காவலுக்கு வருகிற வழியில்,
சாப்பாட்டுப் பைக்குள் ஈரத் துணி சுற்றி.
பூ வேண்டாம், இலை மட்டும் என்று
முதல் நாள் சொன்னேன்.
இன்றுவரை ஒரு பூ வந்ததில்லை.

மூன்று தண்ணீரில் அலசி, நறுக்கி,
பத்து கிராம் எடை போட்டு
கொதிக்கவைத்து வடிகட்டினால்
வீட்டுக் கஷாயம்தான்.
இதைச் செய்ய எனக்கு
மாதம் ஒரு தொகை தருகிறார்கள்,
தருகிற மாதங்களில்.

வெள்ளி நைட்ரேட்டுக்கு நிறமில்லை.
பார்த்தால் குடிதண்ணீர்.
கஷாயத்தைச் சொட்டச் சொட்ட
முதலில் வைக்கோல் நிறம்.
காலாப்பட்டு நிறுத்தத்தில் இரண்டு பேருந்து கடப்பதற்குள்
தேன்.
நான் சாப்பிட்டுக் கைகழுவி வந்தால்
கடுங்காப்பி.
கரைந்து கிடந்த வெள்ளி
மணிமணியாகத் திரண்டுவிட்டது, அவ்வளவுதான்.
ஒரு தலைமுடியின் அகலத்தில்
இரண்டாயிரம் மணி வரிசையாக உட்காரும்.

தட்டில் புற்றுச் செல்கள் செத்தன.
நூற்றுக்கு எழுபது.
நெறியாளர் கைகுலுக்கினார்.
பக்கத்துத் தட்டில்
நோயில்லாத செல்களும் செத்தன.
நூற்றுக்கு அறுபத்திரண்டு.
அவர் அப்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு ஏழரைக்கு
ஆய்வகக் கதவோரம் ஞானப்பிரகாசம்.
"ஒரு சின்ன பாட்டில் போதும்மா. ரொசாலிக்கு.
கோரிமேட்டுல ஆறு தடவ ஏத்தியாச்சு."

இது மருந்தில்லை என்றேன்.
எலிக்குக்கூட இன்னும் கொடுத்ததில்லை.
நல்ல செல்லையும் சேர்த்துக் கொல்கிறது.

"அங்க ஏத்துறதும் அதத்தானே செய்யுது.
அவ தலைமயிரு என்ன கெட்ட மயிரா?"

பதில் இருந்தது என்னிடம்.
அளவு, காலம், எத்தனையோ வருடம்,
கையெழுத்துப் போட்டுத் தந்த ஆயிரக்கணக்கானோர்.
ஏழாவதை மட்டும் விட்டுடாதீங்க என்றேன்.
அவர் பார்க்கப் பார்க்கவே
குளிர்பெட்டியைப் பூட்டினேன்.

சாவியைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.
விரலைப் பார்த்திருக்கிறார்.
கையுறை கிழிந்த அன்று சிந்திய வெள்ளி
ஆட்காட்டி விரல் நகத்தில்
கறுப்பாக ஏறியிருந்தது.
சோப்புக்குப் போகாது.
வளர்ந்து வெட்டினால்தான் உண்டு.

"அவளுக்கும் இப்படித்தாம்மா" என்றார்.
"பத்து வெரலும்."

கட்டுரையில் இரண்டாவது தட்டின் படம்
அவசியமா என்று நெறியாளர் கேட்டார்.
அவசியம் சார்.
நகத்தை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை
ஈரத் துணி மேசைமேல் இருந்தது.
எடை போட்டேன். பதினோரு கிராம்.
ஒரு கிராமை எடுத்துத் தனியே வைத்தேன்,
எதற்கென்று தெரியாமல்.