நீர்மட்டம்

கல்குடாவில், சவுக்கு மரங்களுக்கு இந்தப் பக்கம்
விடுதிக்காரிக்கு ஒரு பலகைத் தளம் வேணும்,
இருபது அடிக்குப் பன்னிரண்டு,
வாறவர்கள் கால் நீட்டிக் கடல் பார்க்க.
"மணலுக்கு மேலேயே அடியுங்களேன்" என்றாள்.
"மார்கழி வரட்டும்,
உங்கட தளம் வள்ளம் மாதிரிச் சரியும்" என்றேன்.

முதல் நாள் முழுக்க அடம்பன் கொடி.
திரண்டால் மிடுக்கு என்று சொன்னவன்
பிடுங்கிப் பார்த்துத்தான் சொல்லியிருப்பான்.
மேலே நூல் போல அறுந்து வரும்,
கீழே பெருவிரல் தடிப்பில் ஒரு வேர்
அடுத்த வளவுக்குள் போய் நிற்கும்.

பிறகு ஒரு முழம் தோண்டி, கறுப்புத் துணி விரித்து,
ரெண்டு லோட் கிறவல்.

இடிக்கிற மெஷின் எனக்கும் மச்சானுக்கும் பொது.
பாதி அவன் காசு, பாதி என் மனிசியின் காப்பு.
ஆவணியில் கோகிலராசன் அதை
வாழைச்சேனையில் ஈடு வைத்தான்.
எனக்கு வேறு யாரோ சொன்னார்கள்.
அன்றிலிருந்து பேச்சில்லை.
ஆகவே திமிசு.
நாலு விரல் கிறவல், ஒரு வாளி தண்ணீர்,
அவன் ஒரு குத்து, நான் ஒரு குத்து.
என் குத்துகள் கொஞ்சம் தேவைக்கு அதிகம்.
குதிக்கால் பதியாத அளவுக்கு இறுகியது தரை.

மூன்றாம் நாள் மட்டம் பார்க்க வேண்டும்.
கையாள் பொடியன் சோதனை எழுதப் போய்விட்டான்.
குழாயின் ஒரு முனை எனக்கு,
மறு முனை அவனுக்கு,
நடுவில் இருபது அடி தண்ணீர்.
பேசாமல் பிடிக்க ஏலாது அதை.

"ஏத்து."
"காணுமா?"
"கூடிப்போச்சு. மறுகா இறக்கு."
"இப்ப?"
"நிக்குதில்ல."
குமிழ் இருக்கோ என்று தட்டிப் பார்த்தேன்,
ஆப்பைத் திட்டினேன், காற்றைத் திட்டினேன்.
அங்காலிருந்து அவன்:
"விரல எடு மச்சான்.
வாயப் பொத்திக்கொண்டு நிண்டா
தண்ணி எப்பிடி வரும்?"

பார்த்தேன். பொத்தித்தான் இருந்தது.
எடுத்தேன்.
தண்ணீர் ஒரு துள்ளுத் துள்ளி,
என் பக்கம் கொஞ்சம், அவன் பக்கம் கொஞ்சம்,
நின்றது.
பென்சிலால் கோடு போட்டோம்.
மழை ஓட, கடல் பக்கம் ஒரு இஞ்சி தாழ்த்தினோம்.

இதில் ஒன்றும் யார் கண்ணிலும் படாது.
நாளைக்குப் பலகை வரும்.
விடுதிக்காரி பலகையைத்தான் படம் எடுப்பாள்.

விடிய வந்தால் வடக்கு மூலையில் ஒரு ஓட்டை,
புது மணல் வெளியே.
நண்டு.
கோகிலராசன் ஒன்றும் சொல்லாமல்
ஒரு தாச்சி சல்லி அள்ளி வந்து கொட்டினான்,
நான் இடித்தேன்.

மெஷினைப் பற்றி இன்னும் கேட்கவில்லை.
வட்டி ஏறிக்கொண்டிருக்கும்.