மூன்றாம் கட்டம்

ஒரு பார் ஐஸ் உறைய
முப்பத்தாறு மணி நேரம்.
ஒரு புயல் திரள எத்தனை என்று
யாரும் எனக்கு எழுதித் தரவில்லை.

உவரியில் ஐஸ் ஆலை நடத்துகிறவன்
இன்றைக்குள் இருக்க முடியாது;
நாளை மறுநாளில்தான் குடியிருப்பு.
வள்ளம் இறங்காத நாளில் முந்நூறு பார் உறைந்தால்
அத்தனையும் சாக்கடைக்கு,
மின்வாரிய பில் மட்டும் எனக்கு.

அந்த பில்லைக் குத்திய ஆணியிலேயே
ஒரு படம் தொங்குகிறது.
எட்டாய்க் கீறிய வட்டம், நடுவில் சின்ன வட்டம்.
தினமும் செல்போனைப் பார்த்துப் பென்சிலால் ஒரு புள்ளி.
சின்ன வட்டத்துக்குள் விழுந்தால் அலை சோர்ந்து கிடக்கிறது.
வெளியே வந்தால் நடக்கிறது.

கடலில் அல்ல அந்த அலை.
நுரை கிடையாது, கால் நனையாது.
ஆப்பிரிக்கக் கரைக்கு இப்பால் எழுந்து
நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கே ஊரும்
மேகத் திரள், பல நாட்டு அகலம்.
வேகம் என்னவோ
மச்சாடோ சைக்கிளில் சுருட்டு வாங்கப் போகிற வேகம்தான்.
நாற்பது ஐம்பது நாளில் உலகைச் சுற்றிவிட்டு
மறுபடி நம் தெற்கே தலை காட்டும்.

அலை கிழக்கே போனாலும்
அதன் மடியில் பிறக்கும் புயல் எதிர்த்திசைக்காரன்,
மேற்கே திரும்பி நம் முகம் பார்த்து வருவான்.
சில தடவை கோட்டுக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று.
தலையில் இரட்டைச் சுழி இருந்தால்
ரெண்டு கல்யாணம் என்பார்கள் எங்கள் பக்கம்.

கல்லறைத் திருநாள் கழிந்து பத்தாம் நாள்
புள்ளி மூன்றாம் கட்டத்தில் ஏறிற்று.
மூன்று என்றால் நம் கடல்.
வட்டத்தைவிட்டு வெகுதூரம் தள்ளி, துணிச்சலாக.
ராதாபுரத்துக் காற்றாலைகள் கைவிரித்து நின்றன.
செய்தியில் “வாய்ப்பு” என்றார்கள்.
அந்தச் சொல் என் காதில் ஏறவில்லை.
கம்ப்ரசரை அணைத்தேன்.
சத்தம் நின்றதும் கரை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

“ஏன்வே, மிஷின நிப்பாட்டிட்டீரு?”
“அலை வந்திருக்கு.”
மச்சாடோ கடலைப் பார்த்தார்.
எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது கடல்.
என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் சாளை.
வள்ளம் வள்ளமாக, விளிம்பு தண்ணீர் தொடுகிற பாரத்தில்.
தூத்துக்குடி ஐஸ் லாரி இரட்டை விலை சொன்னது;
வந்து சேர்வதற்குள் பாதி மீனுக்குக் கண் சிவந்துவிட்டது.
ஏலம் கூறும் பெர்பெத்து நேரே ஆலைக்கு வந்து சொன்னாள்:
“ஒம்ம வட்டத்த வெட்டிச் சாளைக்கு மேல போடும்,
குளுருதான்னு பாப்போம்.”

சரியான கேள்விதான்.
உப்புத் தொட்டி குளிர்ந்தால் மட்டும் ஐஸ் ஆகுமா,
தகர டப்பாவில் தண்ணீர் வேண்டாமா?
அலை தொட்டியைக் குளிரவைக்கிறது, அவ்வளவே.
ஒரு சுழி பிறந்ததாம், உண்மைதான்.
மேல்வானத்துக் காற்று ஒரு பக்கமாய் அடித்து
அதன் தலையை உடம்பிலிருந்து சாய்த்துவிட்டதாம்.
இதைப் பிறகுதான் படித்தேன்,
கருவாட்டு வாடை கூரைவரை ஏறிய ஒரு ராத்திரியில்.

இன்று புள்ளி ஆறில்.
பிலிப்பைன்சுக்கு அப்பால் புயலுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.
அங்கேயும் ஏதோ ஒரு கரையில்
ஒருவன் சுவிட்சில் கை வைத்தபடி
கடலைப் பார்ப்பான், வானத்தைப் பார்ப்பான்.
அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து அலை திரும்பி வரும்,
வந்தால்.
இரண்டு தொட்டியில் ஒன்றை ஓட்டுவேன், ஒன்றை நிறுத்துவேன்.
மச்சாடோ சிரிப்பார்.
பெர்பெத்து சிரிக்கமாட்டாள், பார்களை எண்ணுவாள்.

பென்சில் குட்டையாகிவிட்டது.
வேறு வாங்க வேண்டும்.