இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே

திரியெஸ்தேயில் போரா வீசும் நாள்.
துறைமுகக் கம்பத்தில் சுழலும் கிண்ணங்கள்
மணிக்கு நூற்றுப் பதினெட்டு என்கின்றன.
காற்றை அளப்பது எளிது.
வந்து மோதும், கருவி சுழலும்,
யாரையும் கேட்க வேண்டியதில்லை.

எனக்கு வேலை
காற்றில் நிற்பவர்களை அளப்பது.

நிவெஸ் பெர்டோட், பதினைந்து வயது,
ஈரக் காலுறையோடு உள்ளே வந்தாள்.
மேசைமேல் ஐம்பத்தேழு வாக்கியங்கள்.
ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம்:
ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும்.

ஆறாவது: மனம் கனக்கும்போது யாரிடமாவது பேசுகிறேன்.
"பாத்திரம் கழுவும் இயந்திரம் சேருமா?" என்றாள்.
"இரவு இரண்டு மணிக்கு அது மட்டும்தான்
குறுக்கே பேசாமல் கேட்கும்."
கையேட்டைப் புரட்டினேன்.
இயந்திரம் பற்றி ஒன்றும் இல்லை.

பத்தொன்பதாவது: பிரச்சினையிலிருந்து விலகிப் போகிறேன்.
அவள் பென்சில்
இரண்டாம் கட்டத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவே
கோட்டின் மேலேயே நெடுநேரம் நின்றது.
பிறகு சொன்னாள், கோட்டைப் பார்த்தபடியே.

நவம்பரில் ஒரு ராத்திரி
குளியலறைக் கதவைத் தாழிட்டு
குழாயைத் திறந்துவிட்டு
தொட்டி விளிம்பில் உட்கார்ந்து
சுவர் ஓடுகளை எண்ணினாளாம்.
இருநூற்றுப் பதினொன்று.
தப்பாகிவிட்டதோ என்று மறுபடியும்.
விடிந்ததும் பத்தாம் எண் பஸ்ஸில் பள்ளிக்கூடம்.
அன்றைக்கு லத்தீன் தேர்வு வேறு.

"இது விலகிப் போனதா?"

மதிப்பீட்டுத் தாளில் அதன் பெயர் தவிர்ப்பு.
தவிர்ப்புக்கு மதிப்பெண் கழியும்.
அவள் எண்ணாமல் இருந்திருந்தால்
இந்த நாற்காலி இன்று காலியாக இருந்திருக்கும்
என்பதற்குக் கட்டம் இல்லை.

அரைமதிப்பெண் கூடாது, விதி.
நீயே ஒன்றைச் சொல் என்றேன்.
மூன்றில் வட்டம் போட்டாள்,
என்மேல் இரக்கப்பட்டு.
தாளின் ஓரத்து வெள்ளையில் நான்
211 என்று எழுதிவைத்தேன்.
கணினி ஓரங்களைப் படிக்காது.

மதியம் ரொட்டியைக் கடித்துக்கொண்டே
அதே தாளை எனக்கு நானே நிரப்பிப் பார்த்தேன்.
அவளைவிட நான்கு குறைவு.
மடித்துக் குப்பையில் போட்டேன்.
அதற்கும் தாளில் ஒரு பெயர் இருக்கிறது.

மாலையிலும் போரா அடங்கவில்லை.
முன்பெல்லாம் இந்த ஊரில்
இப்படிப்பட்ட நாட்களில் தெருமுனைகளில்
கயிறு கட்டுவார்களாம், பிடித்து நடக்க.
எந்தக் கயிற்றை எத்தனை கை பிடித்ததென்று
எவரும் குறித்து வைத்ததாகத் தெரியவில்லை.

எதிர்ச்சாரியில் நிவெஸ்.
விளக்குக் கம்பம் ஒன்றைக் கட்டிக்கொண்டு
தன் குடை பறந்த திசையைப் பார்த்துச்
சிரித்துக்கொண்டிருந்தாள்.
காற்று மூச்சு வாங்கிய ஒரு கணத்தில்
அடுத்த கம்பத்துக்கு ஓடினாள்.
பிறகு அதற்கடுத்தது.

ஆறு கம்பம் வரை எண்ணினேன்.
பஸ் வந்து குறுக்கே நின்றது.