பதினோரு பவுண்டு நாற்பது

இந்த வருடம் வந்த தொகை நாற்பத்தோராயிரம்.
ஊர் கேட்டது மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே.
யானைப் பசிக்குச் சோளப்பொரி;
பொரியைப் பங்கு வைப்பது என் உத்தியோகம்.

ஸ்கார்த்வெயிட் நகர மன்றம், இரண்டாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே
சாம்பல் நிறத்தில் புரண்டு படுக்கிறது ஐரிஷ் கடல்.
அது ஒன்றுதான் விண்ணப்பம் போடவில்லை.

படிவத்தில் பதினான்கு கேள்விகள்.
ஏழாவது:
இதனால் யாருக்கு என்ன மாறும்?
இருநூறு சொற்களுக்கு மிகாமல்.
மூன்று பேர் தனித்தனியே
ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவோம்.
பிறகு ஆறிய தேநீரோடு உட்கார்ந்து
கூட்டிக் கழித்துச் சண்டை பிடிப்போம்.

தெல்மா பிர்க்கெட்
ரொட்டிக்கடைக்கு இன்னோர் அடுப்பு கேட்டாள்.
'இருக்கும் அடுப்புக்குப் பாதி நாள் கோபம்' என்று எழுதி,
சந்தை ஆய்வு என்ற கட்டத்தில்
சனிக்கிழமை வரிசையின் புகைப்படத்தை ஒட்டியிருந்தாள்.
மழையில் பதினேழு பேர், ஒரு நாய்.
படம் ஒட்டக் கூடாது என்பது விதி.
பிய்த்து இழுப்பறைக்குள் போட்டேன்.
ஒரே ஒரு மதிப்பெண்ணில் அடுப்பு போயிற்று.

படகுக் கொட்டகைக்காரர்கள்
காசு கொடுத்து ஆள் வைத்து எழுதியிருந்தார்கள்.
மீள்திறன். ஒருங்கிணைந்த பங்கேற்பு. நீடித்த விளைவு.
ஒழுகுகிற கூரைக்கான பத்துப் பக்கத்தில்
மழை என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.
ஐந்துக்கு ஐந்து.
நானும் போட்டேன், மறைப்பானேன்.

அடுத்தது கார்வின் டைசன்.
சலவைத்தூள் ஆலை மூடியபோது வெளியே வந்த எண்பது பேரில்
ஒன்பது பேருக்குப்
பாரம் தூக்கும் வண்டி ஓட்ட உரிமம்,
பயிற்சிக்கும் தேர்வுக்கும் நாலாயிரத்து இருநூறு.
பந்துமுனைப் பேனா, அழுத்திய எழுத்து,
தாளின் மறுபக்கம் தடவினால் விரலுக்குப் படும்.
ஏழாவது கேள்விக்கு அவர் பதில்:
'ஒன்பது பேர் காலையில் எழுந்திருப்பார்கள்.'

"இதை எப்படி அளப்பது?" என்றாள் இமோஜன்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள்
அளவுகோல் எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொல்லவில்லை.
அவள் ஒன்று போட்டாள். நான் நாலு.
மூன்றாமவர் கண்ணாடியைத் துடைத்தார்,
வெகுநேரம் துடைத்தார்,
மூன்று போட்டார்.

பதினான்கு மாதம் கழித்து
இறுதி அறிக்கை வந்தது, அரைப் பக்கம்.
ஏழு பேருக்கு உரிமம்.
ஒருவன் இரண்டு முறை தோற்றான், மூன்றாவதுக்குப் படிக்கிறான்.
ஒருத்தி பாதியில் பிரசவத்துக்குப் போனாள், பெண் குழந்தை.
வேலையில் இருப்பவர் ஐவர்.
(தன் பெயரை ஐவரில் சேர்த்தாரா என்று தேடினேன்.
இல்லை.)
கூடவே ஓர் உறை.
உள்ளே சில்லறை, பதினோரு பவுண்டு நாற்பது.
'பிஸ்கட்டில் மிச்சம்.'

நிதிப் பிரிவுக்குக் கொண்டுபோனேன்.
கொடுத்ததற்குக் குறியீடு உண்டு.
கொடுக்க மறுத்ததற்கு மூன்று உண்டு.
தானாகத் திரும்பி வந்ததற்கு இல்லை.
"மோசடி மீட்பு என்று போடலாம்" என்றார்கள்.
"போட்டால்?"
"ஆறு வருடம் அவர் பெயர் அந்தப் பட்டியலில் நிற்கும்."

உறையை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.
இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் இப்போது சத்தம் கேட்கிறது.
இமோஜன் நிமிர்ந்து பார்ப்பாள்,
ஒன்றும் கேட்க மாட்டாள்.

நிதிக்குத் தலைநகரில் வேறு பெயர் வைத்துவிட்டார்கள்.
புதிய படிவம், பத்தொன்பது கேள்விகள்.
தெல்மாவுக்கு ஒன்று அனுப்பியிருக்கிறேன்.
படம் வேண்டாம் என்று
பென்சிலால் எழுதி, அழித்து,
பிறகு எழுதாமலே அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை தணிக்கை.
ஒட்டியிருக்கக் கூடாத ஒரு படம்,
மிஞ்சியிருக்கக் கூடாத கொஞ்சம் காசு,
இரண்டும் ஒரே இழுப்பறையில்.
சாவி என் கோட்டுப் பையில்தான் இருந்தது காலையில்.