பயனாளிகள் எண்ணிக்கை

'சமூகப் பங்கேற்பு என்றால் என்ன?
ஐம்பது சொற்களுக்கு மிகாமல் வரையறுக்கவும்.'
படிவத்தின் முதல் கேள்வியே அதுதான்.
ஐம்பதில் வரையறுத்தோம்.
தேநீர் இடைவேளையில் ஒரு சொல்லை முதல்வர் அடித்தார்.
'உரிமை' என்று ஞாபகம்.

குன்னூரில் மூன்று நாளாக வெயில் இல்லை.
துறை அறையின் குழல்விளக்குக்குக் கீழே
புள்ளியியல் உதவிப் பேராசிரியன் நான்,
நாட்டு நலப்பணியும் என் தலையில்தான்,
ஒரு வருடத்துச் சேவையை
அட்டவணைக்குள் மடித்துக்கொண்டிருந்தேன்.

நெகிழி ஒழிப்புப் பேரணி: மாணவர் நூற்றெண்பது.
பேனரே நெகிழி; படத்தில் தெரியாது.
மரக்கன்று நடுதல்: இருநூறு.
போன வருடமும் இருநூறு, அதே குழிகளில்.
ஒவ்வொரு படத்தின் மூலையிலும்
அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம்.
ஒன்றில் மட்டும்
தேயிலைக்கு மேலே, பனிக்குள் பாதியாய் ஒரு காட்டெருமை.
இதையும் பயனாளியில் சேர்க்கலாமா என்றார்
வேதியியல் ஜோகி.
சிரித்தோம்.

நேசராணியின் தாள் அடியில் கிடந்தது.
இரண்டாமாண்டு வணிகவியல்.
பேரணிக்கு வரவில்லை. மரம் நடவும் வரவில்லை.
நூற்றிருபது மணி நேரத்தில் எண்பத்தாறு குறைவு.
கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்து
நாலாய் மடித்திருந்தாள்:

'செவ்வாய். வட்ட வழங்கல் அலுவலகம். அலுவலர் விடுப்பு.
வியாழன். அதே இடம். சர்வர் இல்லை.
திங்கள். மருதாயி அக்காவின் பத்து விரலையும் வைத்துப் பார்த்தோம்.
மிஷின் ஒன்றையும் ஏற்கவில்லை.
முப்பத்தொரு வருஷம் கொழுந்து பறித்த விரல் என்றேன்.
மிஷினுக்கு அது தெரியாதும்மா என்றார்கள்.
உங்களுக்குத் தெரியுமே, எழுதிக் கொடுங்கள் என்றேன்.
தரவில்லை.
புதன். மறுபடி.
கண்ணைப் பார்க்கிற மிஷின் ஊட்டியில் இருக்கிறதாம்.
ஒவ்வொரு தடவையும் எல்லோருக்கும் ஒருநாள் கூலி போகிறது.'

கீழே, பயனாளிகள் எண்ணிக்கை: 1.

கூப்பிட்டுக் கேட்டேன்.
உங்கள் லைனில் பதினாலு பெண்கள் போனீர்களே, ஏன் ஒன்று?
'எங்கம்மா கார்டு மட்டுந்தான் சார் சரியாச்சு.
மத்தவங்களுக்கு இன்னும் அரிசி வரல.'
படம்?
'ஆபீசுக்குள்ள போன் எடுக்கக் கூடாதுன்னு போர்டு இருக்கு.'
கலந்துகொண்டவர் கையெழுத்தாவது?
'ரேகை வெச்சாங்க' என்று
இன்னொரு தாளை நீட்டினாள்.

பதினாலு நீலத் திட்டுகள்.
சுழியில்லை, வரியில்லை.
மழையில் நனைந்த தபால் முத்திரை போல.
வகுப்பில் நான் சொல்வதுண்டு,
தரவு இல்லையென்றால் பூஜ்யம் என்று எழுதாதே,
கட்டத்தைக் காலியாக விடு என்று.

குழு வர இரண்டு நாள்.
ஒன்றுக்குப் பக்கத்தில் நான் ஒரு நாலு போட்டேன்.
அது பொய்யில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
முதல்வர் ஒரு சுழியம் போட்டார்.
நூற்றி நாற்பது குடும்பங்கள், ஸ்லைடில் பச்சை எழுத்தில்.
குழுத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு
'முன்மாதிரி நடைமுறை' என்றார்.
எங்களுக்குத் தரம் ஒரு படி ஏறியது.
அங்கீகரித்த நிகழ்வுப் பட்டியலில் இல்லாததால்
எண்பத்தாறு எண்பத்தாறாகவே இருந்தது.
சான்றிதழ் கிடைக்காதவர் பட்டியலில்
அவள் பெயரை நான்தான் தட்டச்சு செய்தேன்.

மார்ச்சில் ஒரு காலை, பஸ் நிலையத்து ஜெராக்ஸ் கடையில் பார்த்தேன்.
பின்னால் ஸ்வெட்டரும் தலைத்துணியுமாய் ஆறேழு பெண்கள்,
கூலியை விட்டுவிட்டு நிற்கிறவர்களின் நிற்பு.
ஊட்டி பஸ் உறுமிக்கொண்டிருந்தது.
'சார், இருபது ரூபா இருக்குமா? காப்பிக்குக் குறையுது.'
ஐம்பதாய்த்தான் இருந்தது. கொடுத்தேன்.
தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு
ஒவ்வொருவராய் எண்ணி ஏற்றினாள்.

பஸ் நகர்ந்தது.
ஜன்னலுக்கு வெளியே ஒரு கை:
மீதி முப்பது.
கூடவே கொஞ்சம் ஓடி
வாங்கிக்கொண்டேன்.