மீண்டும் அனுப்பு

ஊர்ப் பெயரிலேயே நித்திரை இருக்கிறது.
மே மாதம் மட்டும் நித்திரவிளை முக்கில்
என் கடை ஷட்டர் பாதிதான் இறங்கும்.

ஒரு விண்ணப்பத்துக்கு ஐம்பது ரூபாய்,
கலர் பிரிண்ட் தனி.
சாதிச் சான்றிதழை மடித்து மடித்து
மடிப்பில் ஓர் எழுத்து போயிருக்கும்.
ஸ்கேனரில் வைக்குமுன் விரலால் நீவுவேன்.
அதற்குக் காசில்லை.

தூத்தூரிலிருந்து டெல்ஃபினா வந்தாள்.
அறுநூறுக்கு ஐநூற்று நாற்பத்தொன்று.
கூட அம்மா ஸ்டெல்லம்மாள்,
கூடவே அம்மாவின் சந்தேகம்:
"கடலுக்க பிள்ளை, கல்லைப் படிக்கப் போறாளாம்.
அது எங்க போய்ச் சேரும்?"

தகப்பன் தொழில் என்று ஒரு பெட்டி.
அம்புக்குறியை அழுத்தினால் பட்டியல் விழும்:
அரசுப் பணி, தனியார், வணிகம், விவசாயம், மற்றவை.
மூன்று பேரும் திரையைப் பார்த்தோம்.
"விவசாயம் போடுங்க அக்கா,
தண்ணிதானே கொஞ்சம் கூடுதல்" என்றாள்.
சிரித்துக்கொண்டே மற்றவை போட்டேன்.

அடுத்தது விருப்ப வரிசை.
இங்கே என் கை மெதுவாகும்.
போன வருடம் பிபின் என்றொரு பையனுக்கு
நாலாவதை முதலாவதாகப் போட்டு அனுப்பிவிட்டேன்.
அவன் திட்டவில்லை.
கிறிஸ்துமஸ் லீவில் கடை வழியே போனான்,
தலையை மட்டும் அசைத்துவிட்டு.
அதிலிருந்து ஒவ்வொரு வரியையும்
பிள்ளைகளையே உரக்கப் படிக்கச் சொல்கிறேன்.
படித்தாள்: நிலவியல், சேலம்.
நிலவியல், கோயம்புத்தூர்.
அம்மாவைப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில்:
வணிகவியல், நாகர்கோவில்.

சமர்ப்பி.
பதிவான எண்ணுக்கு ஆறு இலக்கம் போயிருக்கிறது,
பத்து நிமிடத்துக்குள் இடவும் என்றது திரை.
யாருடைய எண்?
அப்பாவுடையது, ஸ்கூலில் கொடுத்தது.
அப்பா எங்கே?
ஸ்டெல்லம்மாள் மேற்கே கையை நீட்டினாள்.
அந்தத் திசையில்
முப்பத்தோராம் நாளாக, சூரை தேடி,
லட்சத்தீவுக்கும் அப்பால் சிலுவைதாசன்.

எண்ணை மாற்றலாம்.
மாற்றுவதற்குப் பழைய எண்ணுக்கு
ஆறு இலக்கம் அனுப்புவார்களாம்.
உதவி மையத்துப் பெண் இதை
மிக நல்ல தமிழில் சொன்னாள்.

ஆறு நாள் இருந்தது.
கரையிலிருந்து ஒயர்லெஸ்ஸில் படகுக்குப் படகு சேதி போனது:
பிள்ளைக்க படிப்பு.
கரை பிடிச்ச உடனே போனைத் திறக்கச் சொல்லு.

கடைசி நாள், இரவு பதினொன்று இருபது.
முனம்பத்தில் படகு அணைந்துவிட்டது.
ஸ்பீக்கரில் சிலுவைதாசன்,
பின்னால் ஐஸ் உடைக்கும் சத்தம்.
மீண்டும் அனுப்பு, அழுத்தினேன்.
"நாலு, நாலு. ஏழு, ஏழு. ஒண்ணு, ஒண்ணு..."
அவர் சொல்லச் சொல்ல அடித்தேன்.
பாதியிலேயே ஆறு கட்டமும் நிறைந்துவிட்டது.
தவறு என்றது சிவப்பு எழுத்து.
என் கழுத்துக்குப் பின்னால் பிபின் தலையசைத்தான்.

டெல்ஃபினாதான் கண்டுபிடித்தாள்.
"அக்கா, அப்பா கடலில்
எல்லாத்தையும் ரெண்டு தடவ சொல்லும்.
ஒண்ணு காத்துக்கு."

மறுபடியும் மீண்டும் அனுப்பு.
இந்த முறை கீபோர்டை அவள் இழுத்துக்கொண்டாள்.
அவர் இரண்டிரண்டாகத் தந்தார்,
காற்றின் பங்கைத் தள்ளிவிட்டு
ஒவ்வொன்றாக அடித்தாள்.
பதினொன்று ஐம்பத்திரண்டு.
பச்சை.

பிரிண்டர் உறுமத் தொடங்கியது.
"என்ன படிப்பு மக்களே?"
"பூமிக்க உள்ள என்ன இருக்குன்னு படிக்கது."
ஐஸ் சத்தம் கொஞ்ச நேரம்.
பிறகு அவர் கேட்டார்:
"தூரமா? தூரமா?"

லைன் தெளிவாகத்தான் இருந்தது.
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் சிக்கிய தாளை எடுப்பதற்காக
பிரிண்டர் பக்கம் குனிந்துகொண்டேன்.